4417-ஆம் வண்டியின் மேற்குப் பக்கம்

சரக்கு வண்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அதன் கிழக்குப் பக்கம் குட்ஸ் ஷெட்டைப் பார்த்திருக்கும். மூட்டை ஏறுவது அந்தப் பக்கம். மேற்குப் பக்கம் வெறும் காட்டையும், அதற்கும் அப்பால் மலையையும் பார்த்திருக்கும். மூட்டை ஏறி, கதவை அடைத்து, சீல் வைத்ததும், வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதைச் சாக்பீஸால் இரண்டு பக்கமும் பெரிதாக எழுத வேண்டும். கதவோரம் காகித லேபிளும் செருகுவோம். ஆனால் யார்டில் வண்டிகளைக் கழற்றி மாட்டி ஷண்டிங் செய்கிறவன் ஓடுகிற ஓட்டத்தில் குனிந்து லேபிளைப் படித்துக்கொண்டிருக்க மாட்டான். பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற சாக்பீஸ் எழுத்தைத்தான் அவன் நம்புவான்.

அப்படி எழுதுவது குட்ஸ் கிளார்க்கின் வேலை. 1954-ஆம் வருஷம் அந்த கிளார்க் நான். பெயர் தேவசுந்தரம், அப்போது வயது நாற்பத்தொன்று.

எழுத வேண்டியதை எழுதிவிட்டு மேற்குப் பக்கத்தில் நான் படம் போடுவேன். யாரிடமும் கற்றதில்லை. அன்றைக்கு ஷெட்டில் எது கண்ணில் பட்டதோ அது. மிளகாய் வத்தல் மூட்டைமேல் ஏறி நிற்கிற சேவல், ராயகிரியிலிருந்து பருத்திப் பொதி இழுத்து வந்த காளை, நுகத்தடியில் தலையைச் சாய்த்து உறங்குகிற வண்டிக்காரன். என் மனைவி இன்பம் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எழுதித் தேய்ந்து விரலில் பிடிக்க முடியாமல் போன சாக்பீஸ் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துக்கொண்டு வருவாள். அதுதான் எனக்குச் சாயம். ரயில்வே சாக்பீஸில் படத்துக்காக ஒரு கோடுகூட இழுத்ததில்லை. இதை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம், பின்னால் இது ஒரு கேள்வியாக வந்தது.

தாளிலும் வரைந்து பார்த்திருக்கிறேன். வரவில்லை. தாளில் மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. எனக்குத் தோளிலிருந்து கை வர வேண்டும். நின்றுகொண்டு போட வேண்டும். வண்டி கிளம்ப இன்னும் இருபது நிமிஷம்தான் என்ற அவசரமும் வேண்டும். இருபது நிமிஷம் கழித்து இன்ஜின் வந்து கொக்கி மாட்டும். படம் போய்விடும். எங்கே மழையில் கரைகிறது, எந்த ஊரில் எவன் துடைக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

ஊரில் பார்த்து ஏதாவது சொல்கிறவள் பேச்சி ஒருத்திதான். ஷெட்டில் சிந்துகிற வத்தலைக் கூட்டி அள்ளிப் புடைத்துக் கொடுக்கிறவள். நெடி தாங்காமல் எப்போதும் மூக்கையும் வாயையும் சேலைத் தலைப்பால் இறுக்கிக் கட்டியிருப்பாள். ஒரு நாள் அவளையும் போட்டேன். வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கிளார்க்கையா, காளைக்கு மூக்கணாங்கயிறு முதக்கொண்டு போடுதீய. எனக்கு மூக்கே போடல?"

"நீ துணியக் கட்டிக்கிட்டு நின்னா மூக்கு எங்க தெரியும்?"

"தெரியாட்டி இல்லன்னு ஆயிருமா? உள்ள இருக்கும்லா!"

அவள் சொன்னது நியாயம். துணிக்கு மேலே லேசாக ஒரு மேடு கொடுத்தேன். "இப்பதான் மூச்சு விட முடியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஆள் சுலைமான். அவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் கிளைப் பாதை போய்ச் சேருகிற ஜங்ஷன் யார்டில் அவர் நம்பர் டேக்கர். வந்து நிற்கிற வண்டிகளின் எண்ணைக் குறித்து, எந்த வண்டி எந்த ரயிலில் சேர வேண்டும் என்று சாக்பீஸால் வரிசை எண் போடுகிறவர். எங்களுக்கு எந்தக் காலி வண்டி அனுப்புவது என்பதும் அவர் கையில்தான். 1953 தை மாதம் ஜங்ஷனிலிருந்து வந்த காலி வண்டி ஒன்றின் மேற்குப் பக்கத்தில், கீழ் மூலையில், சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

"ஆட்டுக்கு ஒரு காது குறைகிறது. – சு."

முந்தின வாரம் நான் ஓர் ஆடு போட்டிருந்தேன். அது பக்கவாட்டில் நிற்கிற ஆடு. மறு காது தெரியாது. கோபம் வந்தது. அப்புறம் சந்தோஷம் வந்தது. பத்து வருஷத்தில் என் படத்தை ஒருவன் காதுவரைக்கும் எண்ணிப் பார்த்திருக்கிறான்! அடுத்த வண்டியில் அதே ஆட்டை நேராகத் திருப்பி, இரண்டு காதையும் பெரிதாகப் போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது: "இப்போது சரி. ஆனால் ஆடு என்னை முறைக்கிறது. – சு."

அதற்குப் பிறகு வாரம் ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டிருந்தது. "வண்டிக்காரர் உறங்குகிறாரா, மவுத்தாகிவிட்டாரா?" "சேவலைப் பார்த்து யார்டு முழுதும் சிரித்தது." ஒரு தடவை, "இன்று மனசு சரியில்லை. படம் பார்த்தேன். பரவாயில்லை." அந்த வண்டியில் மூட்டை ஏற்ற எனக்கு மனசே வரவில்லை.

இனி நடந்த தப்பைச் சொல்ல வேண்டும்.

1954 சித்திரை. வத்தல் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். 4417 என்ற எண்ணுள்ள வண்டி மதுரைக்கு வத்தல் ஏற்றி நின்றது. அன்றைக்கு நான் போட்ட படம் ரொம்ப நன்றாக வந்துவிட்டது. மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வத்தல் கொண்டுவந்திருந்தது. அந்த அம்மாள் மூட்டையில் சாய்ந்து காலை நீட்டியிருக்கிறாள், மடியில் பிள்ளை, பிள்ளையின் கையில் ஒரு சிவந்த வத்தல். வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் படம் விரிந்துவிட்டது. கடைசியில்தான் கவனித்தேன், ஊர்ப் பெயர் எழுத இடமில்லை. எழுதினால் ஒன்று அந்த அம்மாளின் காலில் எழுத வேண்டும், இல்லையென்றால் பிள்ளையின் மேல். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிழக்குப் பக்கம் எழுதியாயிற்று, லேபிளும் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜங்ஷனில் சுலைமானும் அந்தப் படத்துக்கு முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்றிருக்கிறார். அவருக்கும் இடம் கிடைக்கவில்லை. அவரும் மறு பக்கத்தில் மட்டும் வரிசை எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்து லேபிள் மையைக் கரைத்துவிட்டது. படமும் பாதி கரைந்துவிட்டது. படத்தின் பக்கமாக வந்த ஷண்டிங் ஆள், எண் இல்லாத வண்டியைப் பக்கத்து வண்டியோடு சேர்த்து மாட்டினான். பக்கத்து வண்டி தூத்துக்குடிக்குப் போகிறது.

மதுரை வியாபாரியின் வத்தல் கடற்கரைக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தது.

பத்து நாளில் எனக்கு மெமோ வந்தது. மூன்று கேள்விகள். ஒன்று, வண்டியின் ஒரு பக்கம் ஊர்ப் பெயர் எழுதாதது ஏன்? இரண்டு, வண்டியில் கிறுக்கியது யார்? மூன்று, கிறுக்குவதற்கு ரயில்வே சாக்பீஸ் பயன்பட்டதா? ஏழு நாளில் பதில் தர வேண்டும். திருப்தியில்லாவிட்டால் வேலை நீக்கம் உள்பட எந்த நடவடிக்கையும் எடுக்கப்படும்.

'கிறுக்கியது' என்ற வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். 'வேலை நீக்கம்' அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் சங்கரராமன் நல்ல மனுஷர். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"இங்க பாரும் வே. ரெண்டு பக்கமும் எழுதினேன், மழையில கரைஞ்சுபோச்சுன்னு எழுதும். யாரு பாத்தா? படத்தப் பத்தி மூச்சு விடாதீம். கடைசியா வண்டியில கைவச்சது ஜங்ஷன்காரன். அவன் பதில் சொல்லட்டும்."

"அவரு பேரு சுலைமான் சார்."

"பேரு என்னவா இருந்தா என்ன? அவன் உமக்கு மாமனா மச்சானா?"

அவர் சொன்னபடி எழுதினால் நான் தப்பித்துக்கொள்வேன். சுலைமானின் வேலை போகும். என் படத்தை அழிக்க மனசு வராததற்காகப் போகும்.

வீட்டில் இன்பத்திடம் மெமோவைக் காட்டினேன். படித்தாள். வாத்தியாரம்மா அல்லவா, இரண்டாம் தடவையும் படித்தாள்.

"நம்ம பிள்ள அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதணும்" என்றாள்.

"தெரியும்."

"அதுக்காகச் சொல்லல. நீங்க பொய் எழுதினா அதுக்குத்தான் எழுதுனதா ஆயிரும். பிள்ள தலையில அதப் போடாதீங்க. உள்ளத எழுதுங்க."

"வேல போச்சுன்னா?"

"போகாது." மெமோவை மடித்துக் கையில் கொடுத்து, "போனா பாப்போம். என் சாக்பீஸாலதான வந்துது" என்றாள். சிரிக்க முயன்றாள். எனக்கும் வரவில்லை.

உட்கார்ந்து எழுதினேன். எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் தேதி, பிறகு கேள்வி, பிறகு பதில், பிறகு பதிலுக்குச் சாட்சி. இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். ஒன்று, ஊர்ப் பெயர் எழுதாதது நான். காரணம், படம் கெட்டுவிடும் என்ற எண்ணம். இரண்டு, வரைந்தது நான்; பதினோரு வருஷமாக வரைகிறேன். மூன்று, சாக்பீஸ் என் மனைவி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் குப்பைக்குப் போகிற துண்டு. மாதிரிக்கு ஒன்று இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்கு என்று நானாக ஒன்று சேர்த்தேன். ஊர்ப் பெயர் ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் இருந்திருந்தால் ஜங்ஷனில் தவறு நேர்ந்திருக்காது. ஆகையால் அங்குள்ள சிப்பந்தி யாருக்கும் இதில் பொறுப்பில்லை.

மறுநாள் காலை தபால் பைக்குக் கொண்டுபோனேன். காலி வண்டிகள் அப்போதுதான் வந்து நின்றிருந்தன. மூன்றாவது வண்டியின் மேற்குப் பக்கம் சின்ன எழுத்து:

"எல்லாம் நானே என்று எழுதிவிட்டேன். நீங்கள் சும்மா இருங்கள். – சு."

சுற்றும் முற்றும் பார்த்தேன். பேச்சி மட்டும் ஷெட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த எழுத்தை ஒரு புள்ளி மிச்சமில்லாமல் துடைத்தேன். அந்த மனுஷர் எழுதியதில் நான் துடைத்தது அது ஒன்றுதான். துண்டை உதறிவிட்டு நேரே போய் என் கடிதத்தைப் பையில் போட்டேன்.

பிறகு பதினெட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. நான் படம் போடவில்லை. வருகிற காலி வண்டிகளிலும் ஒரு புள்ளி இல்லை. அவர் பயந்துவிட்டாரா, அவர் வேலை போய்விட்டதா, எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்கு, ஊர்ப் பெயர் எழுதினேன்.

"என்ன கிளார்க்கையா, வண்டியெல்லாம் தாலி அறுத்தவ மாதிரி வெள்ளையாப் போகுது?" என்றாள் பேச்சி.

"சும்மா இரு பேச்சி."

"நான் சும்மாத்தான் இருக்கேன். ஒமக்குத்தான் கை சும்மா இருக்கு."

பத்தொன்பதாம் நாள் மத்தியான ரயிலில் டி.ஐ. வந்து இறங்கினார். டிராஃபிக் இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம். ஒற்றை நாடி உடம்பு, கக்கத்தில் குடை, மூக்கின் நுனியில் கண்ணாடி. நேரே குட்ஸ் ஷெட்டுக்கு வந்தார். சங்கரராமன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"தேவசுந்தரம்ங்கது யாரு?"

"நான்தான் சார்."

என் மேஜைமேல் இருந்த தராசுக் கல்லைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒன்று என்னுடையது, சாக்பீஸ் துண்டு குண்டூசியால் குத்தி அப்படியே இருந்தது. மற்றது பென்சிலில் எழுதியது.

"இருபத்திமூணு வருஷ சர்வீஸ் எனக்கு. இந்த ஜோலியில ரெண்டு பேருக்கு மெமோ குடுத்தா, நானில்ல அவன், நானில்ல இவன்னுதான் பதில் வரும். அதுதான் வளமொற. இப்ப ரெண்டு பேரும் நான்தான், நான்தான்னு எழுதி வச்சிருக்கீரு. நான் எந்த ஃபைல்லவே இத வைக்க?"

பென்சில் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அவன உமக்குத் தெரியுமா?"

"பாத்ததில்ல சார்."

"அவனும் அதத்தான் சொல்லுதான். மொகமே தெரியாத ரெண்டு பேரு, ஒரே தப்ப, ஒரே வண்டியில, ஒரே காரணத்துக்குச் செஞ்சிருக்கீரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மதுரைக்காரர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? வத்தல் நாலு நாள் ஊர் சுத்திட்டு வந்தாலும் காரம் குறையல, தனக்குப் புகார் ஒண்ணுமில்லன்னு. அவரு புகார் இல்லன்னுட்டதால மேல ஏதோ கொஞ்சம் எரக்கம் வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் எழுத்து மூலமா ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான். இந்தாரும், கையெழுத்துப் போடும்."

பேனாவை எடுத்தேன். எங்கே போட வேண்டும் என்று தெரியவில்லை. அவரே விரலை வைத்துக் காட்டினார். போட்டேன். பதினெட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ ஒரே தூக்கில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சங்கரராமன் என் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கும் எச்சரிக்கைதானா சார்?"

"அவனும் முதல்ல இதத்தான்வே கேட்டான்!" என்று டி.ஐ. சிரித்தார். பிறகு, "சரி. நாலு நாள் ஒரு வண்டியத் தொலைக்க வச்ச படத்த நான் பாக்கணும். எங்க இருக்கு?" என்றார்.

"இல்ல சார்."

"வேற ஏதாவது?"

"ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் வண்டியோட போயிரும்."

"பதினோரு வருஷம் போட்டேன்னு எழுதியிருக்கீரு. கையில ஒண்ணுகூட இல்லையா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெளியே ஒரு காலி வண்டி நின்றது. குடையால் அதைக் காட்டினார். "போடும்."

"சார், எச்சரிக்கையில இப்பத்தான கையெழுத்துப் போட்டேன்."

"நான் சொல்லுதேன்லா. போடும்."

வெயில். பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்க்கிற மாதிரி அவர் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கோடு கோணலாகப் போயிற்று. அப்போது பேச்சி முறத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கை தானாக வந்துவிட்டது. முறம், முறத்திலிருந்து எழும்புகிற வத்தல், கட்டிய துணி, துணிக்கு மேலே மூக்கு மேடு, நெடியில் சுருங்கிய கண்.

இருபது நிமிஷம் ஆயிருக்கும். டி.ஐ. கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளிப் போய்ப் பார்த்தார். ஒரு தும்மல் போட்டார்.

"படம் தும்ம வைக்கி!" என்று பேச்சி கைகொட்டிச் சிரித்தாள். உண்மையில் அவள் முறத்தின் நெடிதான் காற்றில் வந்தது. ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது.

"நல்லாருக்குவே" என்றார் டி.ஐ. "கிறுக்கல்னு மெமோவில எழுதுனது நான்தான். அது தப்பு. ஆனா இப்ப ஒண்ணு சொல்லும். இதுல மதுரைன்னு எங்கன எழுதுவீரு?"

பார்த்தேன். மறுபடியும் இடமில்லை. பதினோரு வருஷத்தில் இதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. எழுத்து வேறு, படம் வேறு என்று இருந்துவிட்டேன். பேச்சியின் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் துடைத்து, அங்கே ஒரு நிமிர்ந்த சாக்கு மூட்டையைப் போட்டேன். வெளிக்கோடு மட்டும். வயிறு வெறுமையாக இருந்தது. எழுத்தின் உயரத்தை விரலால் அளந்துபார்த்தேன். சரியாக வந்தது.

"இங்கன சார். மூட்டையில ஊர்ப் பேரு இருக்கது வழக்கம்தான?"

டி.ஐ. என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு சங்கரராமனைப் பார்த்தார்.

"ஓய் மாஸ்டர், தபசுத் திருவிழாவுக்குச் சரக்கு புக்கிங் நிப்பாட்டுவீருல்லா?"

"மூணு நாளு நிப்பாட்டுவோம் சார். ஸ்பெஷல் ரயிலுக்கே இடம் காணாது."

"போன வருஷம் சனம் முழுக்கத் தண்டவாளத்துல ஏறி நின்னுச்சு. நான் தொண்ட கிழியக் கத்தினேன். இந்த வருஷம் ஷெட்டுக்குப் பின்னால ரயில் ஓடாத முட்டு லைன்ல அஞ்சு காலி வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டும். தேவசுந்தரம் அஞ்சுலயும் படம் போடட்டும். சனம் அங்க போய் நிக்கும். மெயின் லைன் காலியா இருக்கும்." என் பக்கம் திரும்பினார். "கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஏற்பாடுன்னு நான் ஃபைல்ல எழுதிக்கிடுதேன். நீரு கண்காட்சின்னு வச்சுக்கிடும்."

ஆடித்தபசுக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆனால் பழைய பயம் இல்லை. என்ன போடுவது என்பதுதான் கவலை. நான் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன். அம்பாளையும் சுவாமியையும் பார்க்க வருகிற கூட்டத்துக்கு நான் என்ன காட்டுவது? பேச்சியிடம் கேட்டேன்.

"சாமியத்தான் கோயில்ல பாக்காங்கள்லா. இங்கன எங்களப் போடும்" என்றாள்.

ஜங்ஷனிலிருந்து ஐந்து காலி வண்டிகள் தபசுக்கு மூன்று நாள் முந்தி வந்தன. ஒவ்வொன்றாக எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது வண்டியின் எண் 4417. அதன் மேற்குப் பக்கம் மூலையில், "தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறேன். – சு."

இன்பம் பள்ளிக்கூடத்து டப்பாவோடு, காசு கொடுத்து வாங்கிய புதுச் சாக்பீஸும் கொண்டுவந்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம். எனக்குப் புதுக் கட்டியைப் பிடித்தே பழக்கமில்லை, இரண்டாக ஒடித்துக்கொண்டேன். நாலு வண்டிகளில் ஆடு, காளை, சேவல், வண்டிக்காரர். 4417-இல் மேலநீலிதநல்லூர் அம்மாளையும் பிள்ளையையும் போட நினைத்துத் தொடங்கினேன். பேச்சி வந்து பின்னால் நின்றாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அம்மாளைத் துடைத்துவிட்டு அவளைப் போட்டேன். எல்லாப் படத்திலும் ஊர்ப் பெயருக்கு இடம் விட்டேன். காளைக்குப் பின்னால் ஒரு பொதி, ஆடு நிற்கிற இடத்தில் ஒரு கல், பேச்சிக்குப் பக்கத்தில் அதே வெறும் மூட்டை, இப்படி.

தபசன்று காலையில் மேற்கே மலை தெரியவில்லை. ஒரே மேகம். ஒரு சாரல் அடித்தால் ஐந்தும் கரைந்துவிடும். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் தலை நனைந்து வந்து இறங்கினார்கள். பத்து மணிவரை நான் படத்தைப் பார்க்கவில்லை, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆடிக் காற்று எழும்பியது. மேகம் எங்கள் ஊருக்கு மேலே வரவில்லை. வாசுதேவநல்லூரோடு நின்றுவிட்டது.

கூட்டம் வந்தது. அம்பாளை நோக்கி வீசிச் சூறைவிட வத்தலும் பருத்தியும் மடியில் கட்டிக்கொண்டு வந்த வெள்ளாமைச் சம்சாரிகள், ரயிலை விட்டு இறங்கி நேராக வண்டிகளுக்கு முன்னால் போய் நின்றார்கள். ராயகிரிக்காரர் ஒருவர் காளையைப் பார்த்துவிட்டு, "ஏலே, இது நம்ம மயிலைக் காளைல்லா! கொம்புல அந்த வெடிப்பப் பாரு!" என்று தம்பியை இழுத்து வந்து காட்டினார். உண்மைதான். அந்த வெடிப்பை நான் போட்டிருந்தேன். இன்னொருவர் உறங்குகிற வண்டிக்காரர் படத்தைப் பார்த்து, "நல்ல வேளை, என் பொண்டாட்டி வரல" என்றார். தண்டவாளத்தில் ஒருவரும் இல்லை. டி.ஐ. பிளாட்பாரத்தில் குடையைச் சுழற்றிக்கொண்டு நடந்தார்.

பேச்சி 4417-ஐ விட்டு அசையவில்லை. யாராவது நம்பாவிட்டால், தலைப்பை மூக்கில் கட்டிக் காட்டினாள். "பாத்தீயளா? ஒரு வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்!"

மூன்று மணி ஸ்பெஷலில் ஒரு குட்டை மனிதர் இறங்கி வந்தார். தொப்பி, கட்டம் போட்ட கைலி, காதில் ஒரு சாக்பீஸ் துண்டு. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே ஆட்டுப் படத்துக்குப் போனார். விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று காதை எண்ணினார்.

நான் பின்னால் போய் நின்றேன். "ரெண்டும் இருக்கா பாய்?"

அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் கண் நனைந்திருந்தது. "இருக்கு அண்ணாச்சி. இப்பவும் மொறைக்கத்தான் செய்யுது."

இருவரும் ஐந்து படத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். பிறகு அவர் சொன்னார்.

"நான்தான் சும்மா இருங்கன்னு எழுதினேனே. ஏன் அண்ணாச்சி எழுதினீங்க?"

"துடைச்சிட்டேன் பாய். கண்ணுல படல."

"பொய்" என்றார். இருவரும் சிரித்தோம். இன்பம் அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டாள். ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்கினார்.

மறுநாள் காலை புக்கிங் திறந்தது. 4417-இல் மதுரைக்கு வத்தல் ஏறியது. கதவை அடைத்து சீல் வைத்தோம். சுலைமானின் ரயிலுக்கு இன்னும் அரைமணி இருந்தது. மேற்குப் பக்கம் போனோம். பேச்சியின் முறத்துக்குப் பக்கத்தில் அந்த வெறும் மூட்டை காத்துக்கொண்டிருந்தது.

"நீங்க எழுதுங்க பாய்" என்றேன்.

"இது உங்க ஸ்டேஷன் வேலைல்லா?"

"எழுதுங்க."

காதிலிருந்த சாக்பீஸை எடுத்தார். மூட்டையின் நடுவில், கோடு தாண்டாமல், மதுரை என்று எழுதினார். ஒரு அடி பின்னால் வந்து பார்த்தோம். எழுதாதவரை அது ஒரு கோடாகத்தான் இருந்தது. எழுதியதும் மூட்டைக்குக் கனம் வந்துவிட்டது; பேச்சி அதைத்தான் புடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் நகர்ந்துபோய் வண்டியைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் பார்த்தார். அங்கே நான் காலையிலேயே எழுதியிருந்தேன். இருந்தாலும் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"ரெண்டு பக்கமும் இருக்கு அண்ணாச்சி" என்றார்.

இன்ஜின் வந்து கொக்கி மாட்டியது. வண்டி நகர்ந்தது. பேச்சி ஷெட்டு ஓரம்வரை கூடவே நடந்து போய் அவளுடைய படத்துக்குக் கையசைத்தாள். நான் உள்ளே வந்து, டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.